சமதரைச் சாட்சி

ஒரு செயலைச் செய்து முடித்தவன் எப்பொழுது அச்செயலினின்றும் விடுபடுகின்றான்? கருவிகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கும்பொழுதா? கூலியை எண்ணி வாங்கும்பொழுதா? அன்றி, தான் செய்ததனால் எவருக்கும் தீங்கு நேராது என்பதைக் கண்ணாரக் கண்டுகொள்ளும்பொழுதா? அறம் உரைத்தோர் பெரும்பாலும் அரசனையும் அமைச்சனையும் துறவியையும் முன்னிறுத்தியே இத்தகைய வினாக்களை ஆராய்ந்துள்ளனர். நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தில், எண்ணெய்க் கறை படிந்த பட்டறைத் தரையில் மல்லாந்து படுத்து, வண்டியின் அடிவயிற்றைப் பார்க்கின்ற ஒரு மனிதனை முன்னிறுத்தி ஆராய்ந்தால், அவ்வினா இன்னும் கூர்மை பெறும்.

பகாவ், ரொம்பின் வட்டாரங்களிலும் சிலியாவ், லிங்கி, லாபு பக்கங்களிலும் ஒரு காலத்தில் இரப்பர் மரங்களே அணிவகுத்து நின்றன. பின்னர் அவற்றுள் பெரும்பகுதி செம்பனைக்கு மாறிற்று. மரம் மாறினும் சடக்கு மாறவில்லை. வெயிலில் செந்தூளாகவும் மழையில் செஞ்சேறாகவும் கிடக்கும் அச்சடக்குகளில், குலை ஏற்றிய டிராக்டர்கள் ஓடி ஓடிச் சக்கரத் தடங்கள் ஆழ்ந்த பள்ளங்களாகிவிடும். நடுவிலுள்ள மண் முதுகுபோல் மேடிட்டு நிற்கும். தாழ்ந்த வண்டி அம்மேட்டில் அடிவயிறு தட்டி நின்றுவிடும். 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாக வெளிப்பட்ட லாண்ட்ரோவர், பின்னாளில் தோட்டத் துரைமார்களின் வண்டியாக விளங்கியமைக்கு இத்தகைய சடக்குகளே காரணம். அன்று துரைமார் ஏறிய அவ்வகை வண்டியை இன்று பால்மரம் வெட்டியவரின் பேரன் மாதத் தவணையில் வாங்கி ஓட்டுகின்றான். மகிழத்தக்க மாற்றமே அது.

வாங்கிய வண்டியை மேலும் உயர்த்திக் கட்டும் வழக்கம் இப்பொழுது பரவியுள்ளது. தேவையும் தோரணையும் அதில் கலந்தே இருக்கின்றன. 1997இல் மலேசியாவில் தொடங்கிய ‘ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச்’ போன்ற காட்டுவழிப் போட்டிகள் உயர்ந்த வண்டிக்கு ஒரு வீரக்களையையும் தந்துவிட்டன. இளைஞனின் தோரணையை எள்ளுவதற்கு இங்கு இடமில்லை. சேற்றில் சிக்கிய பக்கத்து வீட்டாரின் வண்டியை இழுத்துவிடுவதும், நள்ளிரவில் நோயாளியை ஏற்றிக்கொண்டு சிரம்பான் மருத்துவமனைக்கு விரைவதும், மழை நாளில் பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுசேர்ப்பதும் பெரும்பாலும் அத்தகைய வண்டிதான்.

வண்டியை உயர்த்துவதாவது, அடிச்சட்டத்துக்கும் அச்சுக்கும் இடையிலுள்ள தொலைவைக் கூட்டுவது. ஸ்பிரிங் தகடுகளை மாற்றியும், நீளமான அதிர்வுதாங்கிகளைப் பூட்டியும் (பட்டறையில் அவற்றை அப்சோர்பர் என்பர்) இரண்டங்குலம் முதல் நான்கங்குலம் வரை உயர்த்துகின்றனர். ஆனால், அடிச்சட்டத்தையும் அச்சையும் இணைப்பவை ஸ்பிரிங்கும் அதிர்வுதாங்கியும் மட்டுமல்ல. பிரேக் மிதியில் கால் அழுத்தும் அழுத்தத்தைச் சக்கரம் வரை சுமந்து செல்லும் குழாயும் அவ்விரண்டுக்கும் இடையே ஒரு பாலமாக உள்ளது. அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்தில் தந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்டுரைத்த விதியே இங்குத் தொழிற்படுகின்றது. அடிச்சட்டத்தின் வழியே உலோகக் குழாயாக ஓடிவரும் அப்பாதை, அசைகின்ற அச்சை அடையுமிடத்தில் மட்டும் குட்டையானதோர் இரப்பர்க் குழாயாகின்றது. வண்டி குலுங்குந்தோறும் வளைந்து கொடுப்பது அதுவே.

இரப்பர் மண்ணில் பிறந்தவர்கள் இவ்விடத்தில் ஏமாறக்கூடும். இரப்பர் என்றால் இழுபடும் என்பது அவர்கள் ஓட்டுப்பால் உருட்டி விளையாடிய பருவத்திலேயே அறிந்தது. பிரேக் குழாயோ இழுபடாதிருக்கும் பொருட்டே உள்ளே நூலிழைப் பின்னல் வைத்துச் செய்யப்படுகின்றது. அது பருத்தாலோ நீண்டாலோ மிதியின் அழுத்தம் சக்கரத்தை முழுமையாகச் சென்றடையாது. இன்று அவை பெரும்பாலும் செயற்கை இரப்பரால் ஆனவையுமாகும். அக்குழாய் வளையும், நீளாது.

உயர்த்தும் வேலை முடிந்ததும் வண்டி சமதரையில் இறக்கப்படுகின்றது. குனிந்து பார்த்தால் குழாய் தளர்வாகவே தெரிகின்றது. மிதியை அழுத்தினால் உறுதியாக நிற்கின்றது. முற்றத்தில் ஓட்டி நிறுத்தினால் வண்டி நிற்கின்றது. இவ்வளவும் உண்மையே. ஆயினும், இவை யாவும் சமதரை சொல்லும் சாட்சி. வண்டி உயர்த்தப்பட்டது சமதரைக்காகவா? பள்ளத்துக்காகவன்றோ! ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்க, அச்சு சாய்ந்து தொங்கும்பொழுது, நீளமான புதிய அதிர்வுதாங்கி, பழையது விட்டதைக் காட்டிலும் கூடுதலாக அச்சைக் கீழே விடுகின்றது. குழாயின் நீளமோ தொழிற்சாலையில் அளந்து வைத்த அதே நீளம். அது வீணை நரம்புபோல் விறைக்கின்றது. அக்கணமே அறுந்துவிட்டாலாவது குறை வெளிப்பட்டுவிடும். பல வேளைகளில் அது அறுவதில்லை. முனையிலுள்ள உலோகப் பூண் சற்றே இழுபடும். உள்ளுறையில் கீறல் விழும். குழாயைத் தாங்கும் தகடு வளையும். வண்டி மேடேறிச் சமதரைக்கு வந்ததும் குழாய் மீண்டும் தளர்ந்து, ஒன்றும் நிகழாததுபோல் தொங்கும்.

முன்சக்கரத்தில் இடர் வேறு வகையானது. அங்குக் குழாய் அச்சோடு ஏறி இறங்குவதோடு சக்கரத்தோடு திரும்பவும் வேண்டும். உயர்த்திய வண்டிக்கு அகன்ற டயர்களைப் பூட்டுவது வழக்கம். சக்கரத்தை இடப்பக்கமோ வலப்பக்கமோ முற்றத் திருப்பும்பொழுது டயரின் விளிம்பு குழாயைத் தேய்க்கலாம். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு மயிரிழை தேய்வு; பல நாள் தேய்ந்த பின்னரே அது புலப்படும்.

ஆகவே, முறையான சோதனை வண்டியை அதன் வசதியான நிலையிலிருந்து எழுப்பிவிடுவதில் தொடங்குகின்றது. அடிச்சட்டத்தைத் தாங்கிகளின் மீது நிறுத்திச் சக்கரங்களை அந்தரத்தில் தொங்கவிட வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுத்தல் ஆகாது. இரு பக்கமும் ஒருசேரத் தொங்குகையில் ஒரு முறையும், ஒரு பக்கம் மட்டும் தொங்கி மறுபக்கம் உயர்ந்திருக்கையில் ஒரு முறையும் பார்க்க வேண்டும். சாய்வில் குழாய் படும் பாடு நேர்நிலையில் தெரியாது. ஒருவர் திருப்புவளையத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்ப, மற்றொருவர் குழாய் எங்கு விறைக்கின்றது, எங்கு முறுக்குகின்றது, எதனைத் தொடுகின்றது என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பின்னர் ஸ்பிரிங் முழுதும் அமுங்கிய நிலையிலும் குழாய் நசுங்காதிருக்கின்றதா என்று காண வேண்டும். தளர்வு போதாதெனில், குழாயைத் தாங்கும் தகட்டை உரிய அளவு கீழிறக்குவதோ, அவ்வண்டிக்கேற்ற நீண்ட குழாயைப் பூட்டுவதோ தீர்வாகும். சக்கரத்தின் வேகமறியும் மின்கம்பியுள்ள வண்டிகளில் அக்கம்பிக்கும் இதே சோதனை உண்டு. சில நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் படிந்த பின், யாவற்றையும் இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

இன்னொன்று உண்டு, அது சிந்தனைக்கு இன்னும் சுவையானது. பல சுமைவண்டிகளின் பின்னச்சுக்கருகே ஒரு சிறிய தடுக்கிதழ் இருக்கின்றது. சுமை ஏறினால் வண்டியின் உடல் அச்சை நெருங்கும். அந்நெருக்கத்தை ஒரு நெம்புகோல் வழியே உணர்ந்து, அது பின்சக்கரங்களுக்குக் கூடுதல் பிரேக் அழுத்தத்தை விடும். சுமையில்லையேல் உடல் உயர்ந்திருக்கும்; அழுத்தத்தைக் குறைக்கும். உயர்த்திக் கட்டிய வண்டியில் உடல் எப்பொழுதும் உயர்ந்தே இருப்பதால், பாரம் ஏறியிருக்கும்பொழுதும் வண்டி வெறுமையாக உள்ளதென்றே அது எண்ணிக்கொள்கின்றது. பின்தட்டில் ஆட்கள் நிறைந்திருக்கையில் பின்சக்கரங்கள் தம் பங்கைச் செய்வதில்லை. கருவி கெடவில்லை, பொய்யான செய்தியை நம்பி மெய்யாகவே உழைக்கின்றது. நெம்புகோலின் தாங்கியை உயர்த்திய அளவுக்கு இடம் மாற்றினாலன்றி அதன் மயக்கம் தீராது.

இனி அறத்தின் வினாவுக்கு வரலாம். சமதரையில் குனிந்து பார்த்து, ‘சரியாக இருக்கிறது’ என்று சொன்ன பட்டறைக்காரர் பொய் சொன்னாரா? இல்லை. தாம் நம்பியதையே சொன்னார். மனமார நம்பியவனைக் குற்றவாளி என்று கூறலாமா?

ஆங்கிலேயக் கணித அறிஞரும் மெய்யியலாருமாகிய வில்லியம் கிங்டன் கிளிஃபர்டு 1877இல் ‘நம்பிக்கையின் அறம்’ என்னும் பொருள்பட ஒரு கட்டுரை எழுதினார். புலம்பெயர்வோரை ஏற்றிச் செல்லவிருக்கும் பழைய கப்பலின் உரிமையாளன் ஒருவனை அவர் அதில் காட்டுகின்றார். கப்பல் பழுதுற்றிருக்குமோ என்ற ஐயம் அவனுக்கு எழுகின்றது. பலமுறை சென்று மீண்ட கப்பலாயிற்றே, இறைவன் ஏழைக் குடும்பங்களைக் கைவிடுவானா என்றெல்லாம் எண்ணி அவன் தன் ஐயத்தை மெல்ல மெல்ல உறங்கவைத்து, மனநிறைவோடு வழியனுப்புகின்றான். கப்பல் நடுக்கடலில் மூழ்குகின்றது. அவன் உள்ளபடியே நம்பினான் என்பதைக் கிளிஃபர்டு மறுக்கவில்லை. அவ்வாறு நம்புவதற்கு அவனுக்கு உரிமையில்லை என்பதே அவர் கூற்று. பொறுமையோடு ஆராய்ந்து ஈட்டாமல், ஐயத்தை அடக்கிப் பெற்ற நம்பிக்கை அது. அடுத்து அவர் கூறுவது இன்னும் கடுமையானது. கப்பல் மூழ்காமல் கரை சேர்ந்திருந்தாலும் அவன் குற்றம் அணுவளவும் குறையாது என்கின்றார்.

அக்கப்பற் கதை தோட்டத் தமிழருக்கு வெறும் உவமையன்று. 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ முதலிய கப்பல்களின் மேல்தட்டில் பாயை விரித்துப் படுத்து நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். அத்தட்டில் படுத்திருந்த எவரும் கப்பலின் அடிப்பலகையைச் சோதித்துவிட்டு ஏறவில்லை, சோதிக்கவும் இயலாது. யாரோ ஒருவர் பார்த்திருப்பார் என்ற நம்பிக்கை ஒன்றே அவர்களுக்கு வாய்த்தது. பயணியின் நம்பிக்கைக்கும் உரிமையாளனின் நம்பிக்கைக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: முன்னவனுக்கு வேறு வழியில்லை, பின்னவனுக்கு இருந்தது. மழை நாளில் வண்டியின் பின்னிருக்கையில் புத்தகப்பையை மடியில் வைத்துக்கொண்டு அமரும் சிறுமி அடியில் குனிந்து பார்ப்பதில்லை. அவளுக்குப் பதிலாக ஒருவர் பார்த்தாக வேண்டும்.

கிளிஃபர்டுக்கு ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின், 1976இல், பெர்னார்டு வில்லியம்சும் தாமஸ் நேகலும் அறவாழ்வில் ஊழுக்கு உள்ள இடத்தை ஆராய்ந்தனர். நேகல் தந்த எடுத்துக்காட்டுகளுள் ஒன்று பிரேக்கையே பற்றியது. தன் வண்டியின் பிரேக்கைச் சோதியாமல் விட்ட ஓட்டுநன் முன் ஒரு குழந்தை ஓடிவந்து, அச்சோர்வினால் அது மடிந்தால், அவன் வாழ்நாள் முழுதும் தன்னைப் பழித்துக்கொள்வான். குழந்தை குறுக்கே வாராதிருந்தால், தன் சோர்வைச் சிறு குறையாகக் கருதிச் சிறிதே நொந்துகொள்வான். சோர்வு இரண்டிலும் ஒன்றே. குழந்தை ஓடிவந்ததும் வாராததும் அவன் செயலல்ல. அவ்வாறாயின், பழி மட்டும் ஏன் இத்துணை வேறுபடுகின்றது?

ஊழ் என்ற சொல்லோடு நெடுங்காலம் வாழ்ந்தவர்கள் தமிழர்கள். விபத்து நேர்ந்த வீட்டு வாசலில் நின்று ‘எல்லாம் விதி’ என்று சொல்வது ஆறுதலாக இருக்கலாம். துயருற்றவர்க்கு அச்சொல் வேண்டியும் இருக்கலாம். வண்டியின் அடியில் படுத்துப் பார்த்திருக்க வேண்டியவர் அச்சொல்லைக் கடன் வாங்கலாகாது. அதைவிடவும் இரங்கத்தக்கது, ஒன்றும் நேராத நாள்களில் அவ்விதியையே தம் திறமைக்குச் சான்றாகக் கொள்வது. ‘இருபது வண்டி உயர்த்தினேன், ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை’ என்னும் பேச்சு பட்டறைகளில் எளிதாகக் கேட்கக்கூடியது. ஒன்றும் ஆகவில்லை என்பது பள்ளங்கள் காட்டிய இரக்கமாகவும் இருக்கலாம் அன்றோ?

ஆரூரில் கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்த கதையை அறியாத தமிழ் மாணாக்கர் இலர். அமைச்சர்கள் கழுவாய் ஒன்றைக் கூறித் தேற்றிய பொழுதும் மன்னன் இசையவில்லை. மகனைத் தேர்க்காலில் இட்ட தண்டனை மிகையென்று இன்று பலரும் கருதக்கூடும், அக்கருத்து தவறன்று. ஆயினும், வேண்டுமென்று செய்யவில்லை என்ற ஒன்றே கணக்கைத் தீர்த்துவிடாது என்பதை அந்தத் தேர்க்கதை நெடுநாளாகச் சொல்லி வருகின்றது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது வலிமையான மறுப்பு. எல்லாவற்றையும் சோதித்த பின்னரே எதனையும் செய்வதென்றால் எந்தப் பட்டறையிலும் எந்த வண்டியும் வெளியேறாது. ஆணி ஒவ்வொன்றின் உலோகத்தையும் ஐயுற முடியுமா? முடியாது, வேண்டியதுமில்லை. தொழிற்சாலையினர் ஸ்பிரிங்கின் உயரத்தையும் அதிர்வுதாங்கியின் நீட்டத்தையும் குழாயின் நீளத்தையும் ஒன்றோடொன்று இயைய அளந்து வைத்தனர். அந்த இயைபைத் தொடாத வரையில் அவர்கள் மீது நம்பிக்கை வைப்பது முறை. ஓர் அளவைத் தன் கையால் மாற்றியவன், அதனோடு இயைந்திருந்த மற்ற அளவுகளுக்கும் அக்கணம் முதல் பொறுப்பேற்கின்றான். கடமையின் எல்லை அவன் மாற்றம் தொட்ட தொலைவு. அது பெரிய தொலைவன்று. சில குழாய்கள், ஒரு நெம்புகோல், இரண்டொரு கம்பிகள், ஒரு மணி நேரம்.

மெய்ப்பிக்கும் சுமையும் மாற்றியவனுடையதே. 1986 சனவரி 28ஆம் நாள் ‘சேலஞ்சர்’ விண்ணோடம் எழும்பிய 73ஆம் நொடியில் சிதறி எழுவர் மாண்டனர். குளிரில் விறைத்துப்போன ஓர் இரப்பர் வளையம் இணைப்பின் அசைவுக்கு ஈடுகொடாமையே காரணம். முதல்நாள் இரவில் பொறியாளர்கள் தடுத்துரைத்த பொழுது, ஏவுதல் தீங்கானது என்பதை மெய்ப்பிக்கும் சுமை அவர்கள் தலையிலேயே ஏற்றப்பட்டது. பட்டறையில் ‘குழாய் அறும் என்று எப்படிச் சொல்கிறீர்?’ என்று கேட்பவரும் அதே தவற்றையே செய்கின்றார். அறாது என்பதைக் காட்ட வேண்டியவர் அவரே.

உண்மையான இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. அந்த ஒரு மணி நேரத்துக்குக் கூலி தருபவர் யார்? வாடிக்கையாளர் உயரத்துக்குப் பணம் தருகின்றார். உயரம் கண்ணுக்குத் தெரிகின்றது. சோதனை கண்ணுக்குத் தெரியாதது. ஒன்றும் நேராதிருப்பதே அதன் பயன். நேராததற்கு எவர் விலை கொடுப்பார்? இந்த இக்கட்டைத் தோட்ட மக்கள் பால்மரத்திலேயே கண்டிருக்கின்றனர். பட்டைக்கும் மரத்துக்கும் இடையே மெல்லிய உயிர்ப்படலம் ஒன்று உண்டு. அதனைத் தொடாமல், அதற்கு மிக அருகே வரை வெட்டுவது பால்வெட்டின் நுட்பம். ஆழ வெட்டினால் அன்று பால் கூடுதலாக வடியும். நிறைக்குக் கூலி பெறுபவருக்கு அது ஊதியம். ஆனால் படலம் காயப்பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பல ஆண்டுகள் கழித்து அப்பட்டைக்குக் கத்தி திரும்பும்பொழுது, அதனோடு மல்லாடுபவர் வேறொருவர். முதலில் வெட்டியவர் அதற்குள் வேறு நிரைக்கோ வேறு தோட்டத்துக்கோ போயிருப்பார். காயம்பட்ட மரங்களைத் தடவிப் பார்த்துக் கண்டிக்கும் கங்காணியை எவரும் விரும்பியதில்லை. ஆயினும், கங்காணி வருவதற்கு முன்பே காயமின்றி வெட்டியவர்கள் இருந்தனர். நிறைக்காரரிடம் அவர்களுக்கென்று ஒரு காசும் கூடுதலாகக் கிடைத்ததில்லை.

சட்டம் ஓரளவு துணை செய்கின்றது. 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு ஒப்புதல் வேண்டும். வாணிக வண்டிகளுக்குக் குறித்த காலத்தில் சோதனை உண்டு. சொந்த வண்டிகளுக்கு அத்தகைய தொடர்ந்த சோதனை இல்லை. செம்பனை நிரைகளுக்கிடையே ஓடும் வண்டியின் அடியில் அதிகாரிகளின் கண் செல்வது அரிது.

செல்லாத இடத்தில்தான் இடர் இருக்கின்றது. பழைய லாண்ட்ரோவர்களில் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் சுற்று ஒன்றே; ஒரு குழாய் அறுந்தால் நான்கும் போயின. பின்வந்த வண்டிகளில் சுற்று இரண்டாகப் பிரிக்கப்பட்டமையால், ஒன்று போயினும் மற்றொன்று ஓரளவு காக்கும். அந்த ‘ஓரளவு’ தோட்டத்து முற்றத்தில் போதும். சிரம்பானிலிருந்து கோலப்பிலா செல்லும் பழைய மலைச்சடக்கின் வளைவுகளில் போதுமா? அம்மலைக்குப் பெயர் புக்கிட் புத்துஸ். புத்துஸ் என்ற மலாய்ச் சொல்லுக்கு அறுந்துபோதல் என்பது பொருள். பெயரிட்டவர்கள் பிரேக் குழாயை எண்ணியிருக்க வழியில்லை.

பட்டறைக்காரர் ஒருவர் மாலையில் வேலையை முடித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். வண்டி சமதரையில் கம்பீரமாக நிற்கின்றது. உரிமையாளன் பணத்தோடு வந்துவிட்டான். மழை இருட்டிக்கொண்டு வருகின்றது. அவர் பணத்தை வாங்காமல், தாங்கிகளை மீண்டும் இழுத்து அடிச்சட்டத்தின் கீழ் வைக்கின்றார். சக்கரங்கள் தொங்குகின்றன. உரிமையாளனையே இருக்கையில் ஏற்றித் திருப்புவளையத்தைப் பிடிக்கச் சொல்கின்றார். “இடப்பக்கம் முழுக்கத் திருப்பு தம்பி. இப்பொழுது வலப்பக்கம். அப்படியே பிடி.” கைவிளக்கின் ஒளியில் பின்னச்சுக் குழாய் விறைத்து நிற்பது தெரிகின்றது. அவர் எழுந்து வந்து இளைஞனைக் கீழே படுத்துத் தானே தொட்டுப் பார்க்கச் சொல்கின்றார். அவன் விரலை வைத்துப் பார்க்கின்றான். வண்டி அன்றிரவு பட்டறையிலேயே தங்குகின்றது. நீண்ட குழாய்க்கு மறுநாள் காலையில் சிரம்பானுக்கு ஆள் அனுப்ப வேண்டும். பிள்ளைகளை நாளை யார் பள்ளிக்கு அழைத்துச் செல்வது என்று இளைஞன் கேட்கின்றான். பட்டறைக்காரர் தம் பழைய வேனின் சாவியை எடுத்து நீட்டுகின்றார்.